சிபியு விசிறி சில நொடி சுழன்று நின்றுவிடுகிறது. புதியது மாட்டியும் அதே நிலை

ஆத்தங்குடிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் எங்கள் குடும்பத்தார் நடத்திவரும் டைல்ஸ் பட்டறையில் கணக்கும் ரசீதும் போடுவதற்கென்று ஒரு மேசைக் கணினி வைத்திருக்கிறோம். இன்டெல் ஐ5 4460 பிராசசர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 2015இல் வாங்கியது. ஒரு மாதத்துக்கு முன்பு, டாலி கணக்கு மென்பொருளைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே, கால் மணி நேரத்தில் திரை இருண்டு கணினி தானாக அணையத் தொடங்கியது. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் பிராசசருக்கு மேலுள்ள விசிறி சுழலவில்லை என்பது தெரிந்தது. பொத்தானை அழுத்தியதும் இதழ்கள் சற்றே துடிக்கின்றன. சில நாள் நான்கைந்து சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கின்றன. விரலால் தள்ளிவிட்டால் கொஞ்ச நேரம் ஓடுகின்றன.

தூசிதான் காரணம் என்று எண்ணி, பஞ்சர் கடையிலிருந்து கம்ப்ரஸரை வரவழைத்து ஊதிப் பார்த்தேன். பயனில்லை. பிறகு நடுவிலுள்ள ஸ்டிக்கரை உரித்து இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் முன்பைவிட மோசமாயிற்று.

கடைசியாகக் காரைக்குடியில் ஒரு கடையில், ஹீட்சிங்கும் (பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) விசிறியும் சேர்ந்த புதிய கூலர் ஒன்றை வாங்கிவந்து நானே மாட்டினேன். பொத்தானை அழுத்தியதும் புதிய விசிறி வேகமாகச் சுழல்கிறது. ஏழெட்டு நொடியில் வேகம் குறைந்து அப்படியே நின்றுவிடுகிறது. பழைய விசிறியோடு கால் மணி நேரமாவது ஓடிய கணினி இப்போது மூன்று நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, போர்டு போய்விட்டது, போர்டையும் பிராசசரையும் சேர்த்து மாற்றுவதே வழி என்று சொல்லிவிட்டார். அவ்வளவு செலவு செய்யும் முன்பு, விவரம் அறிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

கல்லுக்கட்டி

இரண்டு விசிறிகளும் ஒரே மாதிரி நிற்கின்றன என்றால் பழுது விசிறியில் இருக்க முடியாது. மின்சாரம் கொடுக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பாருங்கள். எங்கள் கடைத்தெருவில் அடிக்கடி மின்சாரம் போய்ப் போய் வருவதால் வருடத்துக்கு ஒரு எஸ்எம்பிஎஸ் போய்விடுகிறது.

பற்றவைப்புக்கோல் (காரைக்குடி)

தம்பி, எதையும் வாங்காமல் கொஞ்சம் பொறுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் போயிருந்தால் கணினி தொடங்கவே செய்யாது, ஏனெனில் இந்தப் பிராசசருக்குரிய மின்சாரமும் அதே 12 வோல்ட் தடத்திலிருந்துதான் இறக்கிக் கொடுக்கப்படுகிறது. கல்லுக்கட்டி சொல்வது பொதுவாகச் சரியான யோசனையே என்றாலும், இங்கே பொருந்தவில்லை.

நான் முப்பது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். விசிறி நிற்கிறது என்று யார் வந்தாலும் நான் பார்ப்பது மூன்று விஷயம். அதற்கு மின்சாரம் போய்ச் சேருகிறதா, போய்ச் சேர்ந்தால் சுழல அதனால் முடிகிறதா, முடியுமென்றால் சுழலச் சொல்லி அதற்கு உத்தரவு வருகிறதா. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இப்போதைய போர்டுகளில் விசிறி தன் இஷ்டத்துக்கு ஓடுவதில்லை. பிராசசரின் சூட்டைப் பார்த்து, எவ்வளவு வேகம் போதும் என்பதை போர்டுதான் முடிவு செய்கிறது.

நீங்கள் எழுதியிருப்பதைக் கவனித்துப் படித்தால், இரண்டு விசிறிகளும் நிற்கும் விதம் ஒன்றல்ல என்பது தெரியும். பழையது துடிக்கிறது, தள்ளினால் ஓடுகிறது. புதியது முழு வேகத்தில் கிளம்பி, படிப்படியாகக் குறைந்து நிற்கிறது. முன்னது முடவன் நடப்பது போல. பின்னது நடந்துகொண்டிருப்பவனை யாரோ உட்காரச் சொன்னது போல. ஆகவே இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

சோதனைக்கு வெளியில் எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் இணையத்துக்கு வைத்திருக்கும் பெட்டியின் 12 வோல்ட் அடாப்டர், வானொலிக்குப் போடும் 9 வோல்ட் பேட்டரி, பழைய செல்பேசியின் 5 வோல்ட் சார்ஜர் ஆகிய மூன்றும் போதும். விசிறியைப் போர்டிலிருந்து கழற்றி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய விசிறியில் நான்கு கம்பிகள் இருக்கும்: கறுப்பு எர்த், மஞ்சள் 12 வோல்ட், பச்சை வேகத்தைத் தெரிவிப்பது, நீலம் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. கறுப்பையும் மஞ்சளையும் மட்டும் பயன்படுத்துங்கள். மற்ற இரண்டையும் தொடவே வேண்டாம். புதியதில் மூன்று கம்பிகள் மட்டும் இருந்தால், நிறம் மாறும். பெரும்பாலும் கறுப்பு எர்த், சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகச் செய்தி என்றிருக்கும். அதை முதலில் பார்த்துச் சொல்லுங்கள். கூட்டல் கழித்தலை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். எந்த வோல்ட்டில் தானாகக் கிளம்புகிறது, எதில் தள்ளினால்தான் ஓடுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு எழுதுங்கள்.

தேங்காய் எண்ணெய் விட்டதைப் பற்றி ஒரு சொல். நம் ஊரில் கதவுக் கீலிலிருந்து சைக்கிள் செயின் வரை எல்லாவற்றுக்கும் அதைத்தான் விடுகிறோம். ஆனால் அது மார்கழிக் குளிரில் உறையும் பண்டம். சூட்டில் நாள்படக் கிடந்தால் பிசினாகிவிடும். விசிறியின் புஷ்ஷுக்குள் அதற்கு இடமில்லை. துரு நீக்கும் ஸ்பிரேயும் கூடாது. அது உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். விட்டே ஆக வேண்டுமென்றால் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு. அதுகூடப் புதியது வந்து சேரும்வரை நாளைக் கடத்துவதற்குத்தான்.

முகப்புத் திண்ணை (கானாடுகாத்தான்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் வைத்திருந்த கணினியிலும் ஒரு முறை இப்படித்தான் விசிறி துடித்துத் துடித்து நின்றது. நானும் எண்ணெய், பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் பேஸ்ட் என்று ஊரெல்லாம் விசாரித்தேன். கடைசியில் விசிறியைக் கழற்றினால், இதழுக்கும் சட்டகத்துக்கும் நடுவே ஒரு பல்லிக்குஞ்சு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முற்றத்தை ஒட்டிக் கேபினெட் வைப்பவர்கள், பின்பக்கம் கார்டு மாட்டாத இடத்தில் தகடு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதன் வழியாகத்தான் அது உள்ளே போயிருந்தது.

ஆத்தங்குடிக்காரன்

பல்லி இல்லை, பார்த்துவிட்டேன். பற்றவைப்புக்கோல் அண்ணன் சொன்னபடி நேற்று இரவு சோதித்தேன்.

பழைய விசிறி, நான்கு கம்பி: 5 வோல்ட்டில் அசையவே இல்லை. 9 வோல்ட்டில் ஒரு முறை துடித்தது. 12 வோல்ட்டில் கால் சுற்றுச் சுற்றி நின்றது. விரலால் தள்ளிவிட்டதும் ஓடியது, ஆனால் ஒரு நிமிடத்துக்குள் முனகிக்கொண்டே வேகம் குறைந்து நின்றது. கையால் இதழைச் சுழற்றிப் பார்த்தால் உள்ளே மணல் அரைபடுவதுபோல் நறநறவென்கிறது.

புதிய விசிறி, மூன்று கம்பி: கறுப்பு, சிவப்பு, மஞ்சள். 12 வோல்ட்டில் உடனே கிளம்பியது, அருமையாக ஓடுகிறது. 9 வோல்ட்டிலும் கிளம்பியது. 5 வோல்ட்டில் கிளம்பவில்லை. தள்ளிவிட்டால் மெல்ல ஓடுகிறது. கையால் சுழற்றினால் வழுக்கிக்கொண்டு பத்துச் சுற்றுக்கு மேல் போகிறது.

பற்றவைப்புக்கோல்

பாதி விடை வந்துவிட்டது. பழைய விசிறிக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தும் சுழலவில்லை. எனவே அதன் பழுது அதற்குள்ளேதான், போர்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த வகை விசிறிகளில் எண்ணெய் ஊறிய புஷ் ஒன்றுக்குள் தண்டு சுழல்கிறது. பட்டறையில் பறக்கும் சிமெண்டுத் தூள் அந்த எண்ணெயோடு கலந்து அரைக்கும் களிம்பாகியிருக்கிறது. அதற்குமேல் பஞ்சர் கடைக் கம்ப்ரஸர். அதன் தொட்டியில் தேங்கும் தண்ணீரும் காற்றோடு வரும். சிமெண்டின் மேல் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்பதை ஆத்தங்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: கம்ப்ரஸரால் ஊதும்போது இதழைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் விசிறி அது தாங்கும் வேகத்தை மீறிச் சுழன்று புஷ் தேய்ந்துவிடும்.

புதிய விசிறி நல்ல நிலையில் இருக்கிறது. அதைத்தான் போர்டு உட்காரச் சொல்கிறது என்று நினைக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நான்கு பின் (இணைப்பு முனை, ஒரு கம்பிக்கு ஒன்று) உள்ள விசிறிக்கு 12 வோல்ட் எப்போதும் முழுதாகப் போய்க்கொண்டிருக்கும். நான்காவது பின் வழியாக நொடிக்கு ஏறத்தாழ 25,000 முறை துடிக்கும் ஒரு சைகை போகும். அந்தத் துடிப்பில் எவ்வளவு பங்கு ‘ஆன்’ என்பதை வைத்து விசிறியே தன் வேகத்தை அமைத்துக்கொள்ளும். நான்காவது கம்பி அறுந்துபோனாலும் விசிறி நிற்காது, முழு வேகத்தில் ஓடும். மூன்று பின் விசிறிக்கு அந்த வசதி கிடையாது. அதன் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அதற்குக் கொடுக்கும் வோல்ட்டேஜையே குறைக்க வேண்டும். உங்கள் போர்டு பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய போர்டின் அமைப்புத் திரை) விசிறிக் கட்டுப்பாடு ‘ஆட்டோ’ என்றிருக்கும். மூன்று பின்னைக் கண்டதும் அது வோல்ட்டேஜ் முறைக்கு மாறிவிடும். தொடக்கத்தில் முழு 12 வோல்ட் கொடுக்கும். பிறகு, பிராசசர் இன்னும் சூடாகவில்லை என்று கண்டு இறக்கும். எதுவரை இறக்குகிறது என்பதுதான் கேள்வி. 5 வோல்ட்டில் கிளம்ப முடியாத விசிறிக்கு 4 வோல்ட் கொடுத்தால் அது நிற்காமல் வேறென்ன செய்யும்?

மல்டிமீட்டர் இருந்தால் 20 வோல்ட் டிசியில் வைத்து, விசிறி ஓடும்போதே சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். முதல் பத்து நொடியும் அதற்குப் பின்னும் எவ்வளவு என்று எழுதுங்கள். முள்கள் ஒன்றோடொன்று உரசாமல் கவனமாக வையுங்கள்.

கல்லுக்கட்டி

எஸ்எம்பிஎஸ் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணன் சொல்வதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. சூடு குறைவாக இருப்பதால் போர்டு வோல்ட்டேஜை இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விசிறி நின்றபின் பிராசசர் சூடாகுமே. சூடானால் அதே போர்டு வோல்ட்டேஜை மறுபடி ஏற்ற வேண்டும், விசிறி மறுபடி கிளம்ப வேண்டும். அப்படி நடக்காமல் கணினி அணைகிறது என்றால், போர்டின் விசிறிக் கட்டுப்பாடே கெட்டுவிட்டது என்றுதானே பொருள்? கடைக்காரர் சொன்னதும் அதைத்தானே?

அளவுகோல் (பள்ளத்தூர்)

கல்லுக்கட்டி கேட்டிருப்பது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. விசிறி நிச்சயமாக மறுபடி கிளம்பும், கிளம்பியும் இருக்கும். நண்பர் ஒரு தடவையாவது விசிறி நின்றபின் பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாரா, அல்லது நின்றதைக் கண்டதும் பதறிப்போய் அணைத்தாரா என்பதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. விசிறியே இல்லாமல் கால் மணி நேரம் ஓடிய கணினி, புதிய ஹீட்சிங்கும் அவ்வப்போதாவது சுழலும் விசிறியும் வந்தபின் மூன்றே நிமிடத்தில் அணைகிறது. விசிறி மட்டுமே பிரச்சினையாக இருந்தால் நிலைமை கொஞ்சமாவது தேறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி இருந்திருக்க வேண்டும், மோசமாகியிருக்கக் கூடாது. ஐ5 4460 அதிகபட்சம் 84 வாட் என்று கணக்கிடப்பட்ட பிராசசர். டாலி மட்டும் திறந்திருக்கையில் அதில் சிறு பங்குதான் செலவாகும். அந்த அளவு சூட்டை, விசிறி நின்றாலும்கூட, அலுமினிய ஹீட்சிங்க் கொஞ்ச நேரமாவது தாங்கும். மேலும், 100 டிகிரியை நெருங்கினால் இந்தப் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு மந்தமாக ஓடப் பார்க்கும். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால்தான் உயிரைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை வெட்டும். மூன்று நிமிடத்தில் அந்த நிலைக்குப் போகிறது என்றால், சூடு பிராசசரிலிருந்து ஹீட்சிங்குக்குப் போய்ச் சேரவே இல்லை. அதாவது ஹீட்சிங்க் பிராசசரின் மேல் சரியாக உட்காரவில்லை.

ஒரு சோதனை: கணினி அணைந்த உடனே புதிய ஹீட்சிங்கின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். தொடர்பு சரியாக இருந்தால் கை வைக்க முடியாதபடி சுடும். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் நான் சொல்வதுதான் காரணம்.

அடுத்து, கூலரை வாங்கும்போது எந்த சாக்கெட்டுக்கு (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) என்று கேட்டு வாங்கினீர்களா? உங்கள் பிராசசரின் சாக்கெட் எல்ஜிஏ 1150. அதைச் சுற்றிப் போர்டிலுள்ள நான்கு துளைகள், பக்கத்துக்குப் பக்கம் மையத்திலிருந்து மையத்துக்கு 75 மி.மீ. இருக்கும். அதற்குச் சில தலைமுறை முந்திய 775க்கு 72 மி.மீ. பார்வைக்கு இரண்டு கூலர்களும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். அதே நான்கு கால், அதே வட்டத் தலை. பழைய சரக்கை அலமாரியில் வைத்திருக்கும் கடைகளில் மாறிப்போவது சாதாரணம். அளவுகோலை எடுத்து அளந்துவிடுங்கள்.

ஆத்தங்குடிக்காரன்

இன்று பட்டறைக்கு விடுமுறை. முழுப் பகலும் இதோடுதான் இருந்தேன்.

முதலில் வோல்ட்டேஜ். பொத்தானை அழுத்தியதும் 12.1, எட்டாவது நொடியிலிருந்து இறங்கி 4.2இல் நின்றது, விசிறியும் அப்போதுதான் நின்றது. அளவுகோல் ஐயா கேட்டது உண்மை. முன்பெல்லாம் நின்றதும் நான் பயந்து அணைத்துவிடுவேன், அல்லது கவனிக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன். அரை நிமிடம் கழித்து மீட்டரில் எண் ஏறத் தொடங்கியது: 5, 6, 7.5. ஏழரையில் விசிறி ஒரு குலுக்கலோடு மறுபடி கிளம்பியது! எண் அதற்குமேலும் ஏறி 12ஐத் தொட்டது, விசிறி முழு வேகத்தில் இரைந்தது. இரைந்துகொண்டிருக்கும்போதே கணினி அணைந்தது. உடனே ஹீட்சிங்கைத் தொட்டேன். குளிர்ந்து கிடந்தது என்றே சொல்லலாம்.

பிறகு கூலரைக் கழற்றினேன். பேஸ்ட்டைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. நான் பிராசசரின் நடுவில் வைத்த பேஸ்ட், ஒரு பக்கம் மட்டும் மெல்லிய படலமாகப் பரவியிருந்தது. மறுபக்கம் நான் வைத்தது வைத்தபடி, மேலே சிறு கூம்போடு, தொடப்படாமல் இருந்தது. ஹீட்சிங்க் சாய்ந்து ஒரு விளிம்பில் மட்டும் நின்றிருக்கிறது. கால்களை அளந்தேன்: மிகச் சரியாக 72 மி.மீ. மாட்டும்போது நான்காவது கால் துளைக்குள் போகாமல் முரண்டு பிடித்தது உண்மைதான். புதிய பொருள் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, கட்டைவிரலால் பலங்கொண்டு அழுத்தியிருந்தேன். ‘டக்’ என்று சத்தம் கேட்டது, பூட்டிக்கொண்டது என்று இருந்துவிட்டேன். போர்டைத் திருப்பிப் பார்த்தால், பூட்டியதில்லை, அந்தக் காலின் வெள்ளை நகம் ஒடிந்த சத்தம் அது.

எங்கள் பட்டறையில் கல் வார்க்கும் இரும்புச் சட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே தரையில் பூ சேராது. அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான், மூன்று மில்லிமீட்டரைக் கட்டைவிரலால் சரிசெய்யப் பார்த்திருக்கிறேன்.

பற்றவைப்புக்கோல்

பள்ளத்தூர் ஐயாவுக்கு என் வணக்கம். விசிறியையே பார்த்துக்கொண்டிருந்த நான் அந்த மூன்று நிமிடக் கணக்கைத் தவறவிட்டுவிட்டேன்.

கல்லுக்கட்டியின் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. சூடு ஏறியதும் போர்டு வோல்ட்டேஜை ஒழுங்காக ஏற்றியிருக்கிறது. போர்டு நன்றாகவே இருக்கிறது. போர்டையும் பிராசசரையும் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை.

இனிச் செய்ய வேண்டியது. அந்த 72 கூலரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1150 அல்லது 1155 என்று உறையில் அச்சிட்டிருக்கும் நான்கு பின் கூலரைக் கேட்டு வாங்குங்கள். 1156, 1155, 1150, 1151, 1200 எல்லாவற்றுக்கும் அதே 75தான். 1700க்கு 78 என்பதால் அதுவும் உங்களுக்கு ஆகாது. கடையிலேயே அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுத் துணியால் பிராசசரின் முகம் பளிச்சென்று ஆகும்வரை துடையுங்கள். புதிய பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, நடுவில். மாட்டும்போது நான்கு வட்டத் தலைகளிலுள்ள அம்புக்குறியைப் பாருங்கள். அது கழற்றுவதற்குத் திருப்ப வேண்டிய திசை. தலைகள் அந்தத் திசையில் திரும்பியிருந்தால் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கால்களும் துளைகளில் தடையில்லாமல் இறங்கியபின், மூலைக்கு மூலை எதிராக அழுத்துங்கள். முடிந்ததும் போர்டின் பின்புறம் பாருங்கள்: நான்கு வெள்ளை நகங்களும் வெளியே தெரிய வேண்டும், ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பு முள் இறங்கியிருக்க வேண்டும். ஹீட்சிங்கைப் பிடித்து மெல்ல அசைத்தால் போர்டும் சேர்ந்து அசைய வேண்டுமே தவிர, ஹீட்சிங்க் மட்டும் ஆடக் கூடாது. காதை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள்.

தேவகோட்டை ஆசிரியை

எங்கள் பள்ளிக் கணினி அறையிலும் மூன்று பின் விசிறி மாட்டிய இரண்டு கணினிகள் இருக்கின்றன. காலையில் தொடங்கும்போது சிபியு ஃபேன் எரர், எஃப்1 விசையை அழுத்தவும் என்று திரையில் காட்டி நின்றுவிடுகின்றன. மாணவர்கள் எஃப்1 அழுத்திவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். இதுவும் இதே காரணம்தானா? நான்கு பின் விசிறி வாங்கும்வரை மூன்று பின்னையே பத்திரமாகப் பயன்படுத்த வழி உண்டா?

பற்றவைப்புக்கோல்

உண்டு, அம்மா. முதலில் விசிறியின் இணைப்பு எந்த இடத்தில் செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். போர்டில் ‘சிபியு ஃபேன்’ என்று எழுதிய இணைப்பு ஒன்று, கேபினெட் விசிறிக்கு என ‘சிஸ் ஃபேன்’ என்று எழுதிய இணைப்பு ஒன்றிரண்டு இருக்கும். சிபியு விசிறியைத் தவறுதலாக இரண்டாவதில் செருகியிருந்தால், விசிறி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் போர்டுக்குச் செய்தி வராது. சுழற்சி பூஜ்யம் என்று கண்டு அந்த எச்சரிக்கையைக் காட்டும்.

சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றால், பயாஸில் விசிறிக் கட்டுப்பாட்டை முழு வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். இறக்கம் இருக்காது, நிற்கவும் நிற்காது. இரைச்சல் கூடும், வேறு கெடுதல் இல்லை. அப்போதும் எச்சரிக்கை வந்தால் விசிறியின் வேகச் செய்திக் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது பயாஸில் குறைந்தபட்ச சுழற்சி எண் அந்த விசிறியால் எட்ட முடியாத உயரத்தில் வைக்கப்பட்டிருக்கலாம். எச்சரிக்கையே வராதபடி ‘இக்னோர்’ என்று மாற்றிவைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பள்ளியில் அதைச் செய்யாதீர்கள். விசிறி உண்மையாகவே நிற்கும் நாளில் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும்.

அளவுகோல்

ஆத்தங்குடி நண்பருக்கு இன்னொரு குறிப்பு. பழைய ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே சிமெண்டு இறுகியிருக்கும் என்று ஊகிக்கிறேன். அதைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வரலாம், வேண்டாம். ஈரமான சிமெண்டு காரம் மிகுந்தது, அலுமினியத்தை அரிக்கும். உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுக்க வருவதை மட்டும் எடுங்கள்.

கணினி இருக்கும் இடத்தையும் யோசியுங்கள். ஹீட்சிங்க் அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஒருபோதும் ஆகாது. மார்கழியில் 25 டிகிரி அறையில் 60 டிகிரியில் ஓடும் பிராசசர், அதே வேலைக்குக் கத்திரி வெயிலில் 40 டிகிரி தகரக் கொட்டகையில் ஏறத்தாழ 75இல் ஓடும்.

ஆத்தங்குடிக்காரன்

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். கல்யாண வீட்டுத் தரைக்குக் கல் அனுப்பும் அவசரத்தில் இரண்டு வாரம் ஓடிவிட்டது.

கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். அவரும் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு பெட்டி இதே சரக்கு உள்ளே கிடக்கிறது என்று தலையில் கை வைத்துக்கொண்டார். புதியது நான்கு பின். கால்கள் நான்கும் விரல் நுனி அழுத்தத்திலேயே இறங்கின. போர்டைத் திருப்பி நான்கு கறுப்பு முள்ளையும் எண்ணிவிட்டுத்தான் கேபினெட்டில் வைத்தேன். இப்போது சும்மா இருக்கும்போது 43 டிகிரி, விசிறி நிமிடத்துக்கு 1,050 சுற்று. டாலியும் பிரவுசரும் திறந்து பெரிய பட்டியலை அச்சடிக்கும்போது 61, 1,600 சுற்று. இரண்டு வாரத்தில் ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை.

கணினியைக் கலவை போடும் கொட்டகையின் ஓரத்திலிருந்து, தெருப்பக்கம் கதவுள்ள சிறிய அறைக்கு மாற்றிவிட்டோம். இதற்கு முன்பு அந்த அறையில் சாய மூட்டைகள் அடுக்கியிருந்தோம். அவை இப்போது கொட்டகைக்குப் போய்விட்டன. இடம் மாற வேண்டியது எது என்பதில் சித்தப்பாவுக்கும் எனக்கும் மூன்று நாள் வழக்கு.

பழைய விசிறியை ஆர்வத்தால் பிரித்துப் பார்த்தேன். ஸ்டிக்கருக்கு அடியில் ரப்பர் மூடி, அதன் கீழ் தண்டைப் பிடித்திருக்கும் சிறு பிளாஸ்டிக் வளையம். அதைக் கொக்கியால் நெம்பி எடுத்ததும் இதழ்ச் சக்கரம் தனியே வந்தது. தண்டின் மேல் அரக்குப்போல் கெட்டியான சாம்பல் நிறக் களிம்பு, அதில் இலேசாகத் தேங்காய் எண்ணெய்க் காறல் வாடை. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. தண்டில் சுற்றிவரக் கீறல், விரல் நுனிக்குத் தட்டுப்படும் அளவு ஆழம்.

கல்லுக்கட்டி

அந்த 72 கூலர்கள் நாலு பெட்டி இருப்பதாகச் சொன்னீர்களே, எந்தக் கடை என்று தனிமடலில் தெரிவிக்க முடியுமா? என்னிடம் 775 போர்டு ஒன்று விசிறி இல்லாமல் நாலு வருடமாகக் கிடக்கிறது.